மூன்று எழுத்து காட்டிய வழி

புனே நகரில் கட்கி என்று ஓர் இடம் உண்டு. கிர்கி என்றும் சொல்வார்கள். அங்கே தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். எங்கள் படிப்பு வட்டமும் அங்கேதான் நடக்கிறது. நான் அதில் தொண்டர். மாலையில் எட்டுப் பெண்கள் படிக்க வருவார்கள். முதலில் தமிழ் எழுத்து கற்றோம். பிறகு மராத்தி எழுத்தும் கற்றோம்.

ஒரு நாள் பெரியம்மா பேச்சைத் தொடங்கினார். அவர் காய்கறி விற்பவர்.

"பாப்பா, நான் இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. சனிவார் வாடாவை எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் பார்த்ததே இல்லை."

"ஏன் பெரியம்மா?"

"ஒரு தடவை தனியா பஸ் ஏறினேன். போர்டு படிக்கத் தெரியாது. பஸ் எங்கேயோ போயிடுச்சு. இருட்டிப் போச்சு. அழுதுகிட்டே வீடு வந்து சேர்ந்தேன். அதுக்கப்புறம் தனியா எங்கேயும் போறதில்லை."

"இப்போதான் படிக்கத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போவோம். நீங்கதான் வழி காட்டணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் வரலை டீச்சர். இனிமே படிக்கவும் வரமாட்டேன். இந்த வயசில சிலேட்டு எதுக்குன்னு வீட்டில கேலி பண்றாங்க" என்றார்.

"படிக்க வர வேண்டாம் அக்கா. ஊர் பார்க்க மட்டும் வாங்க" என்று கூப்பிட்டேன்.

ஞாயிறு காலை. தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதத்துடன் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் பெரியம்மா முன்னால் நின்றார். ஒரு பஸ் வந்தது. அதன் போர்டை உற்றுப் பார்த்தார்.

"ம... ந... பா. மநபா! ஏறுங்க எல்லாரும்!"

மகாநகர் பாலிகா என்றால் மாநகராட்சி. அதைச் சுருக்கி மநபா என்று எழுதுவார்கள். மாநகராட்சிக் கட்டடத்தின் பக்கத்தில் பஸ் நிலையம் இருக்கிறது. நாங்கள் அங்கே இறங்கினோம். முட்டா ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தோம். பழைய புனே எங்கள் முன்னால் இருந்தது.

சனிவார் வாடா

வாடா என்றால் யாரையும் கூப்பிடுவது அல்ல! மராத்தியில் வாடா என்றால் பெரிய வீடு, மாளிகை. சனிவார் என்றால் சனிக்கிழமை. 1730 ஜனவரி 10ஆம் தேதி இதற்கு அடிக்கல் போட்டார்கள். அன்று சனிக்கிழமை.

கட்டியவர் முதலாம் பாஜிராவ். அவர் பேஷ்வா. அதாவது மராட்டிய அரசரின் தலைமை அமைச்சர். அரசர் சதாராவில் இருந்தார். ஆனால் ஆட்சி நடந்தது புனேயில். அதனால் புனே ஒரு தலைநகரம் போல் வளர்ந்தது. 1817இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1828இல் மாளிகை தீப்பிடித்து எரிந்தது. இன்று மதில்களும், வாசல்களும், உள்ளே அடித்தளங்களும் மிச்சம் இருக்கின்றன.

வடக்கு வாசலுக்கு டெல்லி வாசல் என்று பெயர். டெல்லி வடக்கே இருக்கிறது அல்லவா? கதவில் கூரான இரும்பு முட்கள் நிற்கின்றன. எதிரியின் யானை கதவை முட்டி உடைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பெரியம்மா ஒரு முள்ளைக் காட்டி, "யானைக்கே பூட்டுப் போட்டிருக்காங்க" என்றார்.

லால் மகால்

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் லால் மகால் வரும். லால் என்றால் சிவப்பு. சத்ரபதி சிவாஜி சிறுவயதில் தாய் ஜீஜாபாயுடன் இங்கே வாழ்ந்தார். பிறகு மொகலாயத் தளபதி சாயிஸ்தா கான் புனேயைப் பிடித்து இதில் தங்கினார். 1663இல் ஓர் இரவு, சிவாஜி சில வீரர்களுடன் உள்ளே புகுந்து தாக்கினார். கானின் கைவிரல்கள் வெட்டுப்பட்டன. அவர் உயிர் தப்பினார்.

இப்போது நாம் பார்ப்பது அந்தப் பழைய கட்டடம் அல்ல. 1980களில் புதிதாகக் கட்டியது.

இந்தக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு. சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு இன்னொரு மனைவியின் மகன் ஏகோஜி. தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சியைத் தொடங்கியவர் அவர்தான். "எங்க ஊர் அரண்மனை ராஜாவுக்குச் சொந்த ஊர் இதுவா!" என்று தஞ்சாவூர்க்கார அக்கா வியந்தார்.

கிழமைப் பேட்டைகள்

பக்கத்தில் கசபா பேட்டை. அங்கே இருக்கும் கசபா கணபதி புனேயின் ஊர்த் தெய்வம். விநாயகர் ஊர்வலத்தில் முதல் மரியாதை இவருக்குத்தான். கும்பிட்டுவிட்டு நடந்தோம்.

வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்தோம். கடையின் பெயருக்குக் கீழே பேட்டையின் பெயரும் இருந்தது. சென்னையில் சைதாப்பேட்டை இருப்பதுபோல் இங்கே ஏழு கிழமைக்கும் பேட்டை உண்டு. சோம்வார் என்றால் திங்கள். மங்கள்வார் என்றால் செவ்வாய். புத்வார் என்றால் புதன். குருவார் என்றால் வியாழன். சுக்ரவார் என்றால் வெள்ளி. சனிவார் என்றால் சனி. ரவிவார் என்றால் ஞாயிறு.

"சனிக்கிழமையில கிளம்பி புதன்கிழமைக்கு வந்துட்டோம்" என்றார் பெரியம்மா. உண்மைதான். நாங்கள் அப்போது புத்வார் பேட்டையில் நின்றோம்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கதை

அங்கே தகடுசேட் கணபதி கோயில் இருக்கிறது. கூட்டம் அலைமோதும். எதிரே பிடே வாடா என்ற வீடு இருந்தது. 1848இல் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் இங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அந்தப் பழைய வீடு இப்போது இல்லை. நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் அதை இடித்துவிட்டார்கள். நாங்கள் அந்த இடத்தைத்தான் பார்த்தோம்.

ஓரமாக நின்று சாவித்திரிபாயின் கதையைச் சொன்னேன்.

அவர் 1831இல் பிறந்தார். ஒன்பது வயதில் கல்யாணம். அப்போது அவருக்கு எழுத்து தெரியாது. கணவர்தான் கற்றுக்கொடுத்தார். பதினேழு வயதில் அவரே ஆசிரியை ஆனார். பெண் படிக்கலாமா என்று பலர் கோபப்பட்டார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் சேற்றையும் சாணியையும் வீசினார்கள். அவர் பையில் இன்னொரு சேலை வைத்திருப்பார். பள்ளியில் சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். 1855இல் இருவரும் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளியும் தொடங்கினார்கள். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. நோயாளிகளைக் கவனித்த சாவித்திரிபாய்க்கும் அது தொற்றியது. அதிலேயே இறந்தார்.

கேலிக்குப் பயந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "இந்தத் தெருவிலதான் சாணி அடிச்சாங்களா?"

"இந்தப் பள்ளிக்கு வர்ற வழியிலதான் அக்கா."

"மாத்துச் சேலை எடுத்துக்கிட்டா போனாங்க?"

"ஆமா அக்கா."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மண்டைக்கு நடந்தோம். மண்டை என்றால் மராத்தியில் காய்கறிச் சந்தை. எட்டுப் பக்கக் கோபுரம் உள்ள பழைய கட்டடம். ஆங்கிலேயர் காலத்தில் ரே மார்க்கெட் என்று பெயர். இப்போது மகாத்மா புலே மண்டை. பெயர்ப் பலகையைப் பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தக்காளி விலையை விசாரித்தார். "நம்ம ஏரியாவை விட மலிவு" என்று இரண்டு கிலோ வாங்கினார்.

திரும்பும்போதும் அவர்தான் பஸ் போர்டைப் படித்தார். எங்களைப் பத்திரமாக வீடு சேர்த்தார்.

திங்கள் மாலை வகுப்புக்குப் போனேன். கேலிக்குப் பயந்த அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேசுவோம்

1. பெரியம்மா முப்பது வருடம் ஏன் தனியாக வெளியே போகவில்லை?
2. சாவித்திரிபாய் ஏன் இன்னொரு சேலை கொண்டு போனார்?
3. நீங்கள் படிப்பதை யாராவது கேலி செய்தார்களா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

செய்வோம்

உங்கள் ஊரில் நடந்தே பார்க்கக்கூடிய ஐந்து பழைய இடங்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயரும் எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். விடுமுறை நாளில் குழுவாக நடந்து பாருங்கள். வழியில் படித்த பலகைகளில் மூன்றை நோட்டில் எழுதி வாருங்கள்.