கணைய ஆப்பரேசனுக்கு முன்பு ரத்தக் குழாயைக் கவனியுங்கள்



இரைப்பைக்குப் பின்னால் முதுகை ஒட்டி இருப்பது கணையம். அதன் தலைப்பகுதியில் வரும் புற்றுநோயைப் பரவும் முன் கண்டால் 'விப்பிள்' ஆப்பரேசன் செய்வார்கள். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடம் ஆற நல்ல ரத்த ஓட்டம் வேண்டும்.

வாய்க்கால் பாசனம் உங்களுக்குத் தெரியும். தலைவாய்க்கால் தூர்ந்தாலும், பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வழியாகத் தண்ணீர் வந்தால் பயிர் பிழைக்கும். அந்தக் கிளையை அடைத்தால் வயல் காய்ந்துபோகும்.

வயிற்றிலும் அப்படித்தான். கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் போகும் பெரிய குழாய் கொழுப்புப் படிந்தோ, வெளியிலிருந்து நார் அழுத்தியோ சுருங்கியிருக்கலாம். அப்போது கணையத் தலையை ஒட்டிய சிறு குழாய்தான் குடல் பக்கமிருந்து ரத்தம் கொண்டுவரும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் ஆப்பரேசனில் அந்தச் சிறு குழாயை வெட்டியாக வேண்டும். வெட்டினால் கல்லீரலுக்கு ரத்தம் குறையும், தையல் ஆறாமல் கசியும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயப்படாதீர்கள். முன்பே தெரிந்தால் வழியுண்டு. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் சுருக்கம் தெரியும். நாரை விடுவிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம். வெட்டும் முன் சிறு குழாயைக் கவ்வியால் பிடித்து, கல்லீரல் குழாயில் துடிப்பு குறைகிறதா என்றும் சர்ஜன் பார்ப்பார்.

இந்த ஆப்பரேசன் நம் கோவையிலேயே நடக்கிறது. ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 64 பேரிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. வயிற்றைத் திறந்து செய்தவர்கள் சுமார் 13 நாளிலும், சிறு துளை வழியாகச் செய்தவர்கள் சுமார் 7 நாளிலும் வீடு திரும்பினார்கள். எந்த முறையானாலும் ரத்த ஓட்டம் சரியாக இருக்க வேண்டும்.

டாக்டர் கேட்கும்போது, "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்பார் கணவர். அம்மிணி, நீங்கள் சும்மா இருக்காதீர்கள். "இல்லீங்க டாக்டர், இருபது வருசமா பீடி குடிக்கிறாருங்க. நடந்தா கெண்டைக்கால் வலிக்குதுங்கறாரு" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை:

1. பீடி, சிகரெட் பழக்கம்.
2. நடந்தால் வரும் நெஞ்சுவலி, கால்வலி.
3. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு.
4. சாப்பிடும் மாத்திரைகள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பீடி கணையத்தையும் கெடுக்கும், ரத்தக் குழாயையும் கெடுக்கும். ஆப்பரேசனுக்கு 4 வாரம் முன்பே விட்டால் புண் ஆறுவது எளிது. இன்றே விட்டால் இன்னும் நல்லது.

ஒளிக்காத பேச்சு, உயிர் காக்கும் மருந்து!