உயர்த்திய லொறி ஏன் அலைகிறது?

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு ஓரிடம், வயல் இன்னோரிடம். 2004 சுனாமியும் 2007 இல் படுவான்கரையில் நடந்த போரும் இந்த நிலையை இன்னும் கூட்டின. பெரியகல்லாற்றில் இருந்துகொண்டு படுவான்கரையில் வேளாண்மை செய்பவர் களுவாஞ்சிகுடிக்கு வந்து, பட்டிருப்புப் பாலம் கடந்து, வெல்லாவெளிப் பக்கம் போகவேண்டும். பிரதான வீதி தார் வீதி. வயல் வழியோ கிறவல். மாரி வந்தால் சேறும் வெள்ளமும். அதனால்தான் சிறு லொறிகளையும் பிக்கப்புகளையும் ஸ்பிரிங் தகடு கூட்டி உயர்த்துகிறோம். சேற்றில் அது உதவுகிறது. தார் வீதியில் ஏறியதும் வண்டி அலையத் தொடங்குகிறது.

எங்கள் அனுபவம்

நாங்கள் ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய சிறு லொறி வாங்கினோம். பாரம் தாங்கவும் உயரவும் பின்பக்கத்தில் பக்கத்துக்கு மூன்று தகடுகள் சேர்த்தோம். பின்பக்கம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் எழும்பியது. அன்றிலிருந்து வண்டி நேராக ஓடவில்லை. இடப்பக்கம் திருத்தினால் இடப்பக்கமே போகும். வலப்பக்கம் திருத்தினால் வலப்பக்கமே போகும். ஒரு கராஜில் மூன்று தடவை அலைன்மென்ற் பார்த்தோம். புது ரயரும் போட்டோம். பயனில்லை. ஒரு மாலை பாலத்தில் எதிரே பஸ் வந்தபோது வண்டி வலப்பக்கம் இழுத்தது. பின்னால் நெல் மூட்டைகளின் மேல் பிள்ளைகளோடு பதினொரு பேர் இருந்தோம். பஸ் சாரதி ஒதுக்கியதால் தப்பினோம். அதன் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தோம்.

காரணம் என்ன?

ஒரு சைக்கிளைப் பாருங்கள். அதன் முன் போர்க் நிமிர்ந்து நிற்பதில்லை; மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால் முன்சில்லு தானாக நேருக்கு வருகிறது. ஹாண்டிலை விட்டும் சிலர் ஓட்டுகிறார்கள். லொறியிலும் இதே முறைதான். முன்சில்லு எந்தக் கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிறதோ, அதன் மேல்முனை சற்றுப் பின்னே சாய்ந்திருக்கும். இதைக் கராஜில் 'கேஸ்ரர்' என்பார்கள். பல வண்டிகளில் இது 1 முதல் 3 பாகை வரைதான்.

இப்போது பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும். கிங்பின்னும் அதனோடு முன்னே சாயும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2½ மீற்றர் உள்ள வண்டியில் பின்பக்கம் 10 சென்ரிமீற்றர் எழும்பினால், 2 பாகைக்கு மேல் சாய்வு போய்விடும். இருந்ததே அவ்வளவுதான். பிறகு சில்லு தானாக நேருக்குத் திரும்பாது. வெறும் வண்டி அதிகம் அலைவதும், பாரம் ஏற்றியதும் அலைச்சல் குறைவதும் இதற்கு அடையாளம்.

கராஜில் பெரும்பாலும் சரிசெய்வது சில்லுகளின் முன்குவிவை மட்டுமே. கேஸ்ரர் போய்விட்ட வண்டியை முன்குவிவால் திருத்த முடியாது. ஆகவே ஒழுங்கு முக்கியம். பின்வரும் வரிசையிலே பாருங்கள்.

1. ரயர்

இரு முன் ரயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே காற்று அழுத்தம் உடையனவா? வயலில் காற்றைக் குறைத்து ஓட்டியவர், தார் வீதிக்கு வந்ததும் மறக்காமல் நிரப்பவேண்டும்.

2. தேய்வு

ஒருவர் ஸ்ரியறிங்கைச் சிறிது இடமும் வலமும் ஆட்டட்டும். மற்றவர் கீழே பக்கவாட்டில் இருந்து பார்க்கட்டும். அசைவு எந்த மூட்டில் தொலைகிறதோ அந்த மூட்டுத் தேய்ந்துவிட்டது.

பின்பு முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அச்சின் கீழே உறுதியான மரக்கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே ஒருவரும் போகக்கூடாது. சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் கிங்பின். பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் ரைறொட் முனைகளைப் பாருங்கள். தேய்ந்ததை மாற்றாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

3. சாய்வு

சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து சட்டத்தின் உயரத்தை முன்னும் பின்னும் அளவுங்கள். பின்பக்கம் அதிகம் எழும்பியிருந்தால் மேலதிக தகட்டைக் குறைப்பதே மலிவான வழி. நாங்கள் மூன்றில் இரண்டைக் கழற்றினோம்.

அதுவும் போதாவிட்டால் முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்புத் தகடு வைக்கலாம். ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருக்கவேண்டும். மாறி வைத்தால் அலைச்சல் கூடும். இரு பக்கமும் ஒரே அளவு; 2 பாகைக்கு மேல் வேண்டாம். இரும்பு ஆப்பே பாவியுங்கள், மரத்துண்டு கூடாது. முடிந்த பின் 100 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ற் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். அலைன்மென்ற் நிலையத்துக்குப் போனால், "கேஸ்ரர் அளவையும் எடுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

4. ஸ்ரியறிங் இணைப்புக் கம்பி

முன்பக்கத்தை உயர்த்திய வண்டியில், ஸ்ரியறிங் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் கம்பி செங்குத்தாகச் சரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு குழியும் சில்லைத் திருப்பும். இதற்கு அந்த வண்டிக்கென்றே செய்த நீளமான கை தேவை. இருக்கும் கையைச் சூடாக்கி வளைப்பதும் வெல்டிங் செய்வதும் உயிராபத்து. அது ஓடும்போதே முறியலாம். ஸ்ரியறிங் வளையம் கோணலாக நின்றால் வளையத்தைக் கழற்றித் திருப்பாமல், கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

ஸ்ரியறிங் பெட்டியின் ஆணியை இறுக்கி ஆட்டத்தைப் போக்க நினைப்பவர்களும் உண்டு. அளவுக்கு மிஞ்சி இறுகிய பெட்டி சில்லை நேருக்குத் திரும்ப விடாது.

5. முன்குவிவு

இது கடைசி வேலை. வண்டியைச் சிறிது முன்னே தள்ளி நேராக நிறுத்துங்கள். இரு முன் ரயர்களின் முன்பக்கத்தில், அச்சின் உயரத்தில், நடுவில் சோக்கால் புள்ளியிட்டு இடைத்தூரத்தை அளவுங்கள். புள்ளிகள் பின்பக்கத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மீண்டும் அளவுங்கள். முன் அளவு 2 அல்லது 3 மில்லிமீற்றர் குறைவாக இருப்பது பல லொறிகளுக்குப் பொருந்தும். கையேடு இருந்தால் அதிலுள்ள அளவே சரி. ரைறொட்டின் பிடிகளைத் தளர்த்தி, கம்பியைத் திருகிச் சரிசெய்து, மீண்டும் இறுக்குங்கள்.

மறக்கக்கூடாதவை

வாவி நீர் உவர் நீர். வெள்ளத்தில் இறங்கி வந்த ஒவ்வொரு தடவையும் கிங்பின்னுக்கும் மூட்டுகளுக்கும் புதுக் கிறீஸ் அடித்து, பழையதை வெளியேற்றுங்கள். எங்கள் லொறியிலும் ஒரு கிங்பின் புஷ் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. அதை மாற்றி, தகடுகளைக் குறைத்து, கடைசியில் முன்குவிவையும் பார்த்த பிறகு, வளைவு முடிந்ததும் ஸ்ரியறிங் தானாக நேருக்கு வந்தது.

உயர்த்திய வண்டி கவிழ்வதும் எளிது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு விரற்கடையும் உயர்த்தாதீர்கள். அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் கேட்டறியுங்கள். அலைச்சல் தீரும்வரை ஆட்களைப் பின்னால் ஏற்றவேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது வண்டிகளில் எத்தனை பின்பக்கம் மட்டும் உயர்த்தப்பட்டவை?
2. வயல் வழியின் எந்த இரண்டு மூன்று இடங்களுக்காக வண்டியை உயர்த்துகிறோம்? அந்த இடங்களைச் சிரமதானமாகக் கிறவல் போட்டு உயர்த்த முடியாதா?
3. ஜாக், கிறீஸ் துப்பாக்கி, அளவுநாடா ஆகியவற்றைக் கூட்டாக வாங்கினால் யார் பொறுப்பில் வைக்கலாம்?