ரொட்டி அடைக்கிறதா, தேத்தண்ணி புரையேறுதா?



பசறை, மடுல்சீமை, நமுனுகலை என்று எந்தப் பக்கம் போனாலும், லயத்துக் காம்பராவில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பெரியவர்களைக் காண்கிறோம். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். சுகம் விசாரித்தால், "நல்லாத்தான் இருக்கேன் ஐயா" என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "ரொட்டி எறங்க மாட்டேங்குதுங்க, தேத்தண்ணியில ஊறப்போட்டுத்தான் திங்கிறேன்."

பல் இல்லாமல் ஊறவைப்பது வேறு. முன்பு இறங்கியது இப்போது தொண்டையிலோ நெஞ்சிலோ நின்றால், அதை "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

இதில் இரண்டு விதம் உண்டு. முதலில் ரொட்டி அடைக்கும், சில வாரத்தில் சோறும் அடைக்கும், உடம்பும் மெலியும் என்றால், உணவுக் குழாய் சுருங்கியிருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே நாள் கடத்த வேண்டாம். மற்றது, சோறு இறங்கும், தேத்தண்ணிதான் புரையேறும். இது பாரிசவாதம், நடுக்கவாதம் போன்றவற்றால் விழுங்கும் தசைகள் தளர்ந்ததால் வரலாம். உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக் குழாயின் வாய் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா காய்ச்சல் உண்டாகும். சிலருக்கு இருமல்கூட வராது. அடிக்கடி நெஞ்சுச் சளி வந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

வெத்திலை போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவும். மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், காரம் பட்டால் வாய் எரிந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். "நான் பொயிலை சேர்க்கிறதில்லையே" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்துவிட்டது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, போனில் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேளுங்கள். தேத்தண்ணி குடித்தபின் குரல் தண்ணீர் கலந்தாற்போல் கரகரத்தால் அதுவும் ஓர் அடையாளம். பக்கத்துக் காம்பராக்காரர் ஒருநாள் கூட உட்கார்ந்து சாப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும்.

டாக்டரைக் காணும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து சிறு வாயாகச் சாப்பிடட்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டபிறகே இடியுங்கள். சிலதை இடிக்கவே கூடாது.

திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல் போனால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். மற்றபடி தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும், குடிக்கிற மருந்துகளையும் மறக்காமல் கையில் கொடுத்து அனுப்புங்கள்.