பனிக்கு அடியிலிருந்து வரும் எதிரொலி

பழைய கிணறொன்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதை அறிய நாம் என்ன செய்வோம்? சிறு கல்லொன்றைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருப்போம். ‘தொபுக்’ என்ற சத்தம் கெதியாக வந்தால் தண்ணீர் மேலே. சுணங்கி வந்தால் ஆழத்திலே. அந்தாட்டிக்காவின் பனி எவ்வளவு தடிப்பு என்பதை விஞ்ஞானிகள் அளப்பதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். கல்லுக்குப் பதில் வானொலி அலை. காதுக்குப் பதில் அன்டெனா.

இந்த வழி ஒரு கோளாறிலிருந்து பிறந்தது. விமானங்களில் உள்ள வானொலி உயரமானி, கீழே அலையை அனுப்பி அது திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பது. பனிவெளிக்கு மேல் பறந்தபோது அது பிழையான உயரத்தைக் காட்டியது. விமானிக்கு இது உயிராபத்து. அலை பனியின் மேற்பரப்பிலே நின்றுவிடாமல் உள்ளே ஊடுருவிச் செல்கிறது என்பதை அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய அமோரி வெயிற் 1950களில் செய்துகாட்டினார். அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜிலுள்ள ஸ்கொட் துருவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்டான் எவன்ஸ் பனியின் தடிப்பை அளப்பதற்கென்றே ஒரு ராடாரை அமைத்தார்.

இனி ஒரு கணக்கு. வளியில் இவ்வலைகள் ஒரு மைக்குரோ செக்கனில் 300 மீற்றர் செல்லும். பனிக்கட்டிக்குள் 168 மீற்றர்தான். பனியின் மேற்பரப்பிலிருந்து வந்த எதிரொலிக்கும் அடிப்பாறையிலிருந்து வந்த எதிரொலிக்கும் இடையே 40 மைக்குரோ செக்கன் என்றால், போக 20, வர 20. ஆகவே தடிப்பு 20 × 168 = 3360 மீற்றர். நான் முதலில் இக்கணக்கைச் செய்தபோது வளியின் வேகத்தையே பிரதியிட்டு 6000 மீற்றர் என்று எழுதிவிட்டேன். அந்தாட்டிக்காவில் அவ்வளவு தடித்த பனியே கிடையாது! ஊடகம் மாறினால் வேகமும் மாறும் என்பதைப் பரீட்சையில் நாம் மறப்பது இப்படித்தான்.

1967 முதல் 1979 வரை விமானங்கள் அந்தாட்டிக்காவின் மேல் ஏறத்தாழ 400,000 கிலோமீற்றர் பறந்து எதிரொலிகளைப் படச்சுருளில் பதிவுசெய்தன. அவற்றில் சில இடங்களில் அடிப்பாறையின் கரடுமுரடான கோட்டுக்குப் பதிலாக, மேசைபோல் மட்டமான, மிகப் பிரகாசமான கோடு தெரிந்தது. பாறையைவிட நீர் வானொலி அலையை நன்கு தெறிக்கச் செய்யும். அப்படியானால் கீழே இருப்பது ஏரி! இவற்றுள் மிகப் பெரியது வொஸ்டொக் ஏரி. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளமான இதன் முழு உருவம், செய்மதி அளவீடுகளும் சேர்ந்தபின் 1996 இல் வெளியானது. ஏறக்குறைய 4 கிலோமீற்றர் பனியின் கீழ் நீர் உறையாமல் இருப்பது எப்படி? பூமியின் உள்வெப்பம் கீழிருந்து வருகிறது. மேலுள்ள பனி போர்வையாகி அதைக் காக்கிறது. அமுக்கம் உறைநிலையையும் சற்றுத் தாழ்த்துகிறது.

அடிப்பாறையின் வடிவம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மேற்கு அந்தாட்டிக்காவின் துவெயிற்ஸ் பனியாறு கிடப்பது கடல்மட்டத்துக்குக் கீழான பாறையில். அப்பாறை உள்நோக்கிச் செல்லச் செல்ல இன்னும் ஆழமாகிறது என்பதை ராடார் காட்டியுள்ளது. இளஞ்சூடான கடல்நீர் அடியால் புகுந்து பனியின் விளிம்பை அரிக்கும்போது, பின்வாங்கும் பனி மேலும் ஆழமான இடத்துக்கே செல்கிறது. அங்கே விளிம்பு இன்னும் தடிப்பு. கடலுக்குள் வழியும் பனியும் கூட. இந்த ஒரு பனியாறு முற்றாக அழிந்தாலே உலகக் கடல்மட்டம் 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். தீவொன்றின் கரையில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

கடற்பனியின் கதை வேறு. அது கடல்நீரே உறைந்து மிதப்பது. உருகினாலும் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயராது. ஆக்கிமிடீசின் தத்துவத்தை நினைத்துப் பாருங்கள். ஆயினும் வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். கருங்கடல்நீர் அதை உறிஞ்சிச் சூடேறும். ஆகவே ஆட்டிக் கடற்பனியின் தடிப்பையும் அளக்கத்தான் வேண்டும். இங்கு பழைய வழி எளிதில் கைகொடுக்காது. கடற்பனியில் சிக்கிய உப்புநீர் அலையை விழுங்கிவிடும். 2010 இல் ஏவப்பட்ட கிறயோசற்-2 செய்மதி, பனி நீருக்கு மேலே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பதை அளக்கிறது. மிதக்கும் பனியில் பத்தில் ஒரு பங்களவே வெளியே தெரியும் என்பதால் மீதியைக் கணிக்கலாம். ஆனால் மேலே அளப்பதில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் தடிப்பில் ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர் பிழைக்கும். பனியின் மேல் படிந்திருக்கும் பூம்பனியின் பாரம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது.

ராடாரின் இன்னொரு வசதி, அதற்கு வெளிச்சம் தேவையில்லை, முகிலும் தடையில்லை. 2017 யூலையில், அந்தாட்டிக்காவின் நடுக்குளிர்கால இருளில், லார்சன் சி பனியடுக்கிலிருந்து ஏ-68 என்ற பனிப்பாறை பிரிந்தது. பரப்பு ஏறத்தாழ 5800 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பில் பதினொன்றில் ஒரு பங்கு. அதற்கு முந்திய மாதங்களில் வெடிப்பு நாளுக்கு நாள் நீண்டு செல்வதை, மேலே சுற்றிக்கொண்டிருந்த சென்டினல்-1 செய்மதிகளின் ராடார்கள் அந்த இருளிலும் பார்த்துக்கொண்டிருந்தன.