வேலு நாச்சியார் காட்டில் ஒளிந்திருந்தாரா?

மட்டக்களப்பில் எங்கள் வாழைச்சேனைப் பக்கம் பேச்சுப்போட்டி மேடையில் சிவகங்கை அரசி வேலு நாச்சியார் ஏறினால் கூடவே அவருடைய படைத்தலைவி எனச் சொல்லப்படும் குயிலியும் ஏறிவிடுவார். உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்வார், கைதட்டல் அள்ளும். ஆனால் அக்காலத்து ஆவணம் எதையும் இதற்குச் சான்றாக இதுவரை யாரும் காட்டவில்லை. கதையாகச் சொல்வதில் குற்றமில்லை. வரலாறு என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கினால்தான் வில்லங்கம்.

நம்பிக்கை: சிவகங்கையைப் பிடித்தது வெள்ளைக்கார அரசு.

உண்மை: கப்பம் கேட்டு மோதியவர் ஆற்காடு நவாப் முகமது அலி, அவருக்காகச் சண்டை பிடித்தவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள். 1772 ஜூனில் காளையார்கோவிலில் நாச்சியாரின் கணவர், மன்னர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். நாடு நவாப் வசமானது; சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரும் சூட்டப்பட்டது.

நம்பிக்கை: அரசி எட்டாண்டுகள் காட்டில் ஒளிந்திருந்து, ஒருநாள் வாளோடு வெளியே வந்தார்.

உண்மை: மகள் வெள்ளச்சியோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சி, கோபால நாயக்கரின் பாளையம். சிவகங்கைத் தளபதிகளான மருது சகோதரர்களும் கூட இருந்தார்கள். பிரதானி தாண்டவராயன் பிள்ளை 1772 டிசம்பரிலேயே மைசூரின் ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். கேட்டது 5,000 குதிரை வீரர், 5,000 காலாட்கள். புகலிடம் கிடைத்தது, படை வரவில்லை. ஐதருக்கு அவருடைய கணக்கு. கம்பெனியோடு அவருக்கே 1780இல் போர் மூண்டபோதுதான் சிவகங்கைக்கு வழி பிறந்தது. அதுவரை நாடிழந்த ஓர் அரசி தன் உரிமையை ஆறவிடாமல், ஆட்களைக் கலையவிடாமல் வைத்திருந்தாரே, அந்தச் சாமர்த்தியத்தை மேடையில் ஒருவரும் பேசுவதில்லை. 1940இல் நாசிகள் புகுந்தபோது லண்டன் போன ஒல்லாந்து அரசி வில்ஹெல்மினாவுக்குச் சனங்களோடு பேச வானொலியாவது இருந்தது. நாச்சியாருக்குக் கடிதமும் தூதாளும்தான்.

நம்பிக்கை: அது இந்தியாக்காரர் சண்டை, மட்டக்களப்புக்கு என்ன தொடர்பு?

உண்மை: நாச்சியாருக்கு வழிவிட்ட அதே போர் எங்கள் கரைக்கும் வந்தது. ஐதரின் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரரின் கடற்படைத் தளபதி சஃப்ரேன் 1782 ஜூலையில் கடலூரில் ஐதர் அலியைச் சந்தித்தார். ஆகஸ்டில் மட்டக்களப்புக் கடலில் நங்கூரம் போட்டு, கூடுதல் படை வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு வடக்கே பாய்விரித்துப் போய், திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். எங்கள் வாழைச்சேனைக்குப் பக்கத்திலுள்ள கல்குடாவைத் தாண்டாமல் அந்தக் கப்பல்கள் போயிருக்க முடியாது.