எமரித் தாளும் துண்டுத் தோலும்: புல்லட் கவருக்கு வீட்டிலேயே பாலிஷ்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் வேலையில் இருப்பவர்களுக்கு எமரித் தாளின் நம்பரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஃபிங் மெஷினில் எந்தத் தாளை ஏற்றினால் தோல் எப்படி இறங்கும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். அலுமினியத்துக்கும் அதே கணக்குதான். பெரிய கீறலைச் சின்னதாக்கி, சின்னதை இன்னும் சின்னதாக்கி, கடைசியில் கண்ணுக்குப் புலப்படாமல் செய்வதற்குப் பெயர்தான் பாலிஷ். பேஸ்ட் பூசித் தேய்ப்பது கடைசிக் கால்மணி நேர வேலை. கவர் மின்னுமா, மங்குமா என்பது 400-ம் நம்பர் தாளிலேயே முடிவாகிவிடும்.

உதாரணத்துக்குப் பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் வண்டி தயாரான காலத்து வடிவம் அது: சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட்டும் பக்கவாட்டு மூடிகளும் அலுமினியம். ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

கடையில் பஃப் அடிக்கக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சுற்றும் சக்கரம் கவரின் ஓரங்களையும், வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்துகளையும் சேர்த்தே தின்றுவிடும். கையால் தேய்த்தால் நேரம்தான் செலவு. வடிவம் அப்படியே நிற்கும்.

எதைத் தேய்க்கலாம்?

முதல்முறை செய்பவர்கள் வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் சின்ன டாப்பெட் கவரில் தொடங்குங்கள். கை பழகியதும் இடப்பக்கத்துப் பெரிய செயின் கவருக்குப் போகலாம். அதைக் கழற்ற ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வழிவிட வேண்டும். உள்ளே ஆயில் இருப்பதால் அடியில் தட்டு வைத்துவிட்டு நடு நட்டைத் தளர்த்துங்கள்.

வலப்பக்க டைமிங் கவரில் ஆயில் பம்புகளே உட்கார்ந்திருக்கின்றன. மெக்கானிக் துணை இல்லாவிட்டால் அதைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துத் தேய்ப்பது நல்லது. பேக்கிங் உட்காரும் சமதளத்தை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். அங்கே ஒரு பள்ளம் விழுந்தால் ஆயில் ஒழுக்கு நிரந்தரம்.

வாங்க வேண்டியவை

பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள்: 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000 நம்பர்கள். மெட்டல் பாலிஷ் ஒரு டப்பா (ஆட்டோசால், பிராசோ இரண்டில் ஒன்று). பாத்திரம் கழுவும் லிக்விட், டீசல், பழைய டூத் பிரஷ், பழைய பனியன் துணி, கார் வாக்ஸ், கொஞ்சம் மைதா, ஒரு மாஸ்க். தேய்ந்த ஹவாய் செருப்பிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தாளைச் சுற்றிப் பிடிக்க இதைவிட நல்ல கட்டை கிடையாது. வளைவுக்கு ஏற்ப வளையும், விரல் பதிந்த பள்ளமும் விழாது.

நம்ம ஊர்ச் சரக்கு ஒன்றும் வேண்டும்: துண்டுத் தோல். ஷூ மேற்பாகம் வெட்டியபின் மிஞ்சுவதே போதும். ஸ்பிளிட் தோல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் இரண்டு பக்கமும் சொரசொரப்பு. ஃபினிஷ் ஏற்றிய வழவழப்பான பக்கம் இந்த வேலைக்கு ஆகாது, அதில் பாலிஷ் பிடிக்காது.

படி 1: அழுக்கு நீக்குதல்

வண்டியிலேயே தேய்ப்பதானால் திறந்திருக்கும் ஒவ்வொரு துவாரத்தையும் துணி வைத்து அடைத்து, மேலே டேப் ஒட்டுங்கள். எமரித் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்கையும் பம்பையும் அரைத்துவிடும். பிறகு டீசலும் பிரஷும் கொண்டு கிரீஸைக் கரைத்து, பாத்திர லிக்விட் போட்டுக் கழுவுங்கள்.

வாஷிங் சோடா, காஸ்டிக் சோடா, அடுப்புச் சாம்பல் எதுவும் கிட்டே வரக்கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கருக்கச் செய்யும். காஸ்டிக் பட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவே கிளம்பும். தோலில் முடி உதிர்க்கப் பயன்படும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் இதே ஜாதிதான். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழைய டிரம்மில் கவரை ஊறப்போடாதீர்கள். பித்தளைக் குடம் துலக்கும் சபீனாவும் வேண்டாம், தாறுமாறாகக் கீறும்.

படி 2: லேக்கர் இருக்கிறதா?

சில கவர்கள் மேல் கண்ணாடி போன்ற லேக்கர் பூச்சு இருக்கும். நாளாக நாளாக அது மஞ்சளித்து உரியும். மறைவான ஓரத்தில் 400 தாளால் தண்ணீர் விட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் போல் வந்தால் லேக்கர். சாம்பல் கறுப்பாக வந்தால் உலோகம். லேக்கர் என்றால் பெயின்ட் ரிமூவர் பூசி உரித்தபிறகே அடுத்த படி. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

படி 3: தாள் வேலை

ஷூ உரசிய காயம், கல் பட்ட வடு உள்ள இடத்தில் மட்டும் 220. மற்றபடி 320-இல் தொடங்கினால் போதும். தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரில் இரண்டு சொட்டு லிக்விட் சேருங்கள்; தாள் அடைக்காது, துகளும் பறக்காது.

ரகசியம் ஒன்றுதான்: நம்பர் மாற்றும்போது திசையையும் மாற்றுங்கள். 320-ஐ நெடுக்காகத் தேய்த்தால் 400-ஐக் குறுக்காக. குறுக்குக் கோடுகளுக்கு நடுவே ஒரு நெடுக்குக் கோடு தெரிந்தாலும் பழைய கீறல் போகவில்லை என்று அர்த்தம். அது போகும்வரை அடுத்த தாளை எடுக்காதீர்கள். வெயிலில் கவரைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். அவசரப்பட்டு 400-இலிருந்து 1000-க்குத் தாவினால், அந்தக் கோடு பாலிஷ் போட்டபின் பளிச்சென்று மேலே வந்து நிற்கும். திரும்ப 400-க்கே போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே கவரையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் 2000-இல் கோடு போடும். வார்ப்பில் ஊசிமுனை போலக் குழிகள் தென்பட்டால் துரத்த வேண்டாம். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து புதுக்குழி திறக்கும்.

படி 4: கடைசிக் கழுவல்

இது நம்ம பகுதிக்கே உரிய எச்சரிக்கை. தோல் கழிவால் பாலாற்று நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. உப்பேறிய போர்வெல் தண்ணீர் காய்ந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளி விடும். அப்படியே கிடந்தால் குளோரைடு குழி பறிக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்து, உடனே துடைத்துவிடுங்கள்.

படி 5: பேஸ்டும் தோலும்

பட்டாணி அளவு பேஸ்ட், பனியன் துணி, சின்னச் சின்ன வட்டம். துணி கன்னங்கரேலென்று ஆகும். பயப்பட வேண்டாம், தேய்கிற அலுமினியம்தான் அது. பேஸ்ட் காயும் முன் சுத்தமான துணியால் துடையுங்கள்.

அடுத்து தோல். சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி ஐஸ் குச்சியில் ஒட்டி, துளி பேஸ்ட் தடவி, எழுத்துகளின் இடுக்கிலும் போல்ட் குழியைச் சுற்றியும் இழுங்கள். துணி அமுங்கி நழுவும் இடத்தில் தோல் விறைப்பாக நின்று வெட்டும். சலூனில் சவரக்கத்தி தீட்டும் பட்டையின் வேலையும் இதுவே. தோல் உலர்ந்திருக்க வேண்டும். குரோம் தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும் என்பதால் ஈரத்தோடு பட்டால் கறை பிடிக்கும். பாலிஷ் செய்த கவரைத் தோலில் சுற்றியும் வைக்காதீர்கள்.

கடைசியாக மைதாவைத் தூவி, புதுத் துணியால் லேசாகத் துடையுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய்க் கறுப்பை அது உறிஞ்சிக்கொள்ளும்.

படி 6: மாட்டுதலும் பராமரிப்பும்

பழைய பேக்கிங்கை மறுபடி போடாதீர்கள். கவரின் உட்புறத்தை டீசலில் கழுவித் துடைத்து, புது பேக்கிங் அல்லது ரப்பர் சீல் போட்டு மாட்டுங்கள். பல ஸ்க்ரூ உள்ள கவரானால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வடிந்த ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயில் ஊற்ற மறக்காதீர்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது மெல்லிசாக வாக்ஸ் பூசுங்கள். கவர்களில் வாக்ஸ் சில வாரம் நிற்கும். ஹெட் சூட்டில் நிற்காது, அங்கே பூசுவது வீண். பிரேக் டிரம் பக்கம் வாக்ஸ் துணி போகவே கூடாது. மறுபடி லேக்கர் அடிக்கும் ஆசையும் வேண்டாம். கண்ணாடிபோல் தேய்த்த பரப்பில் அது சரியாகப் பிடிக்காது, மஞ்சளித்து உரிய ஆரம்பித்தால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்று பட்டால் அலுமினியம் மங்கத்தான் செய்யும். மாதம் ஒருமுறை பேஸ்ட் ஒரு கை, வாக்ஸ் ஒரு கை போட்டால் போதும். தாளை மறுபடி எடுக்க வேண்டியது புதுக் கீறல் விழுந்தால் மட்டுமே. அதுவும் அந்த இடத்துக்கு மட்டும்.