மாத்திரைக்கு ஒரு வாசல், படுக்கைக்கு ஒரு வாசல்



இம்மாதப் பாடத்தை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ ஆண்கள் ஐக்கிய சங்கத்திலோ கூடியிருந்து வாசித்தால் அதிகப் பயனுண்டு. வாசிக்கிறவர் இடையிடையே நிறுத்தி, "நம் தெருவில் இப்படி யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கட்டும். பாடம் முதியோருக்கு அரசு செய்யும் மருத்துவ உதவிகளைப் பற்றியது. அது நமக்கு எதற்கு, நமக்குத்தான் மருத்துவமனை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். கீழே வரும் பெரியவரின் நிலைமையைப் பார்த்த பிறகு நாங்கள் அப்படி நினைப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை அவருடைய மருமகள் ஆட்டோவில் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த செவிலியர், கருவியின் மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தார். கருவியில் பிழையில்லை.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறாரா, அம்மணி?"

"சாப்பிட்டுட்டுத்தானுங்க இருந்தாரு. தீந்து போயி ஒன்றரை மாசம் ஆச்சுங்க. இன்சூரன்ஸ் கார்டை எடுத்துட்டு மருந்துக் கடைக்குப் போனாருங்க. இதுக்கு மாத்திரை தர மாட்டோம்னுட்டாங்க. கார்டு இருந்தே இப்படின்னா நமக்கு எங்க குடுக்கப் போறாங்கன்னு விட்டுட்டாருங்க."

கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. அந்த அட்டை மாத்திரைக்கு உரியதல்ல. ஆனால் அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதே மாத்திரை அங்கே காசில்லாமல் கிடைக்கும். அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் பஞ்சாலையில் வேலை செய்தவர்; அதனால் அவருக்கு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. அதைப் பற்றி அவர் கேள்விப்பட்டதேயில்லை. மாத்திரை நின்ற அந்த ஒன்றரை மாதத்துக்கு அவர் கொடுத்த விலை வலது கை.

அட்டை எதற்கு?

நம் வீடுகளில் "கலைஞர் கார்டு" என்றும் "முதலமைச்சர் கார்டு" என்றும் சொல்லப்படுவது ஒரே பரம்பரையில் வந்தது. 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் அதை 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். முன்பு வரம்பு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் போய்ப் பார்க்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

இது படுக்கைக்கான அட்டை. இதய அறுவை, எலும்பு முறிவு, புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ் என்று பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போனால் செலவை அது ஏற்கும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கவோ, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கவோ உதவாது. மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய 70 வயது நிறைந்தோருக்கான விரிவாக்கத்தில் வருமானம் பார்ப்பதில்லை. வயதுக்கு ஆதார் போதும். அதுவும் படுக்கைக்கே. அதற்கான பதிவைப் பற்றியும் அதே மையத்தில் விசாரியுங்கள்.

நாங்கள் பார்க்கும் முதியோரில் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம். தினம் இரண்டு மாத்திரை தேவைப்படுகிறவர்கள் ஏராளம். பேச்செல்லாம் ஐந்து லட்சத்தைப் பற்றி இருக்கிறது. இரண்டு மாத்திரையைப் பற்றி யாரும் விளம்பரப் பலகை வைப்பதில்லை.

மாத்திரை எங்கே?

ஆரம்ப சுகாதார நிலையத்தில். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அங்கே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வருமானச் சான்றும் கேட்பதில்லை, அட்டையும் கேட்பதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்படுத்தப்பட்ட பிறகு, மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறை வந்தது. பிற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஆனாலும் முதியோர் பலருக்கு "சர்க்கார் மாத்திரை" என்றால் ஓர் இளப்பம். தனியார் டாக்டர் எழுதியது வெள்ளை, இது வேறு நிறம், அட்டைப்பெட்டி இல்லை, எனவே வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அம்லோடிபின் என்பது எந்த உறையில் வந்தாலும் அம்லோடிபின்தான். இதை டாக்டர் சொல்வதைவிட, அதையே சாப்பிட்டு நன்றாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னால் நம்புகிறார்கள். சபையில் அப்படிப்பட்ட பாட்டிகள் இருந்தால் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காத வியாதி. பல் வலித்தால் இரவோடிரவாக மருந்து தேடுகிற மனிதர், இதற்கு மாத்திரை தீர்ந்தால் "ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்கறேன்" என்பார். அந்த நல்லாயிருத்தல் மூளையின் இரத்தக் குழாய்க்குத் தெரியாது.

நிலையம் வரை நடக்க முடியாதவர்களுக்காகத்தான் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே உண்டு. நல்ல ஏற்பாடு. நம் கொங்குச் சீமையில் இதற்கு ஒரு தடை உண்டு. ஊருக்குள் இருப்பவர்களைத் தன்னார்வலர் எளிதில் கண்டுவிடுவார். தோட்டத்துச் சாளையில், ஊரைவிட்டு ஒன்றிரண்டு மைல் தள்ளி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் காவலாய் இருக்கும் கிழவனும் கிழவியும் விட்டுப்போகிறார்கள். காட்டு வேலைக்குக் கிழக்கு வெளுக்கும்போதே போய்விடும் முதியவர்கள் வீட்டில் அகப்படுவதில்லை. இப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், பெயரையும் இருப்பிடத்தையும் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதாது.

மறந்துபோன வாசல்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பாடத்தையே எழுதத் துணிந்தோம். கோயம்புத்தூரில் பழைய ஆலைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு வாசல் இருக்கிறது. அதன் கட்டணம் ஆண்டுக்கு 120 ரூபாய்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய இ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. நம் மாநிலத்தில் அது முதன்முதலாக வந்த ஊர் கோயம்புத்தூர். 1955 ஜனவரி 23. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் தொடங்கிய ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லுக்குப் பின், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைச் சங்குகள் பெருகி, ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து தூங்கிய காலம் அது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும், பேட்டைகள் தோறும் இருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் அந்தத் தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்த பணத்தோடு வளர்ந்தவை.

வேலையில் இருக்கும்வரை எல்லாரும் அந்த மருந்தகத்துக்குப் போனார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அது முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். முடியவில்லை. குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதில் வெளியேறியவரோ, வி.ஆர்.எஸ். என்னும் விருப்ப ஓய்வில் போனவரோ, மாதம் பத்து ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை முன்கூட்டிச் செலுத்தினால், தமக்கும் தம் மனைவி அல்லது கணவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும் என்பது இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61-ஆவது விதி. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு முதியோருக்கு ஓராண்டு மருத்துவத்துக்கு 120 ரூபாய். இதை அவர்களுக்கு யாரும் தருமமாகக் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சம்பளச் சீட்டில் "இ.எஸ்.ஐ." என்று ஒரு கோட்டில் பிடித்தம் செய்யப்பட்டதன் தொடர்ச்சி இது. இலவசம் என்றால் கூச்சப்படும் மானமுள்ள மனிதர்களிடம் இதை அப்படியே சொல்லலாம். எங்கள் அனுபவத்தில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பழைய இ.எஸ்.ஐ. அடையாள அட்டை, காப்பீட்டு எண், ஓய்வு பெற்ற கடிதம் இவை வேண்டும். ஆலைகள் பல மூடிவிட்டன, வி.ஆர்.எஸ். பணம் மகள் கல்யாணத்துக்குப் போயிற்று, கடிதம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆனால் நம் மக்கள் காகிதத்தை லேசில் எறிவதில்லை. தகரப் பெட்டியிலும், பரணில் பிளாஸ்டிக் பையிலும், பழைய பி.எஃப். சீட்டுகளோடு பெரும்பாலும் இருக்கும். கோன் வைண்டிங்கிலும் ரீலிங்கிலும் வேலை செய்த பெண்களையும் கேளுங்கள். காப்பீடு கணவருக்கு மட்டும் இருந்தது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பம் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய படிவத்தை நகலெடுத்துக் கொண்டுபோகாமல், அங்கேயே கேட்டு வாங்குவது நல்லது.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் நாலைந்து பேராக வேலை செய்தவர்களுக்கும், காட்டு வேலை செய்தவர்களுக்கும் இந்த வாசல் இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்த கூடங்களுக்குச் சட்டம் எட்டவில்லை. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே துணை.

உங்கள் காணிக்கை

அப்படியானால் எங்களுக்குப் பணம் எதற்கு என்று ஒரு சகோதரர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அரசு காசில்லாமல் கொடுக்கும் மாத்திரையை, உங்கள் காணிக்கையில் வாங்கி நாங்கள் கொடுப்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. நிலையத்தில் இருப்பு இல்லாத வாரத்துக்கு மட்டும் கொடுக்கிறோம். நோயாளியை அங்கேயே திருப்பி அனுப்புகிறோம். அனுப்புவது என்றால் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதல்ல, கூட ஆள் போவது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. எனவே மருமகளுக்கு டிக்கெட் வேண்டாம், பக்கவாதம் வந்த மாமனாருக்கு டிக்கெட் வேண்டும், அவர் பேருந்தில் ஏறவும் முடியாது, ஆட்டோ வேண்டும். அந்த ஆட்டோவுக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, கூலி வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் சாப்பாடு, இவையும் அப்படியே. முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கி 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. இத்தனையையும் அதில் அடக்க முடியாது.

பணத்தைவிட அரிதாக இருப்பது கூடப் போக ஓர் ஆள். ஓய்வு பெற்ற ஆசிரியரோ, வங்கியில் வேலை பார்த்தவரோ, அலுவலகத்தில் படிவம் நிரப்பப் பயப்படாத ஒருவர் மாதம் இரண்டு காலைப் பொழுதுகள் தந்தால், அது எங்களுக்கு ஒரு பெரிய காணிக்கை.

அந்தப் பெரியவர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு குழறினாலும் புரிகிறது. மாத்திரையை மருமகள் மாதாமாதம் சுகாதார நிலையத்தில் வாங்கிவிடுகிறார். சென்ற வாரம் பரணிலிருந்த பெட்டியை இறக்கியதில், கல்யாணப் போட்டோவுக்கு அடியில் வி.ஆர்.எஸ். கடிதம் கிடைத்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது. தேதியும் ஆலை முத்திரையும் தப்பியிருக்கின்றன. வரும் திங்கட்கிழமை எங்கள் சமூகப் பணியாளர் அதையும் 120 ரூபாயையும் எடுத்துக்கொண்டு அவரோடு கிளை அலுவலகத்துக்குப் போகிறார்.